டப்பா வைக்க ஓர் இடம்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு முறை அயர்லாந்து போக வாய்த்தது. சாம்பிள் பெட்டிகளோடு நான்கு நாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சரக்கு வாங்கும் தரப்புக்காரர் ஒருவர், ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று காரில் கூட்டிப் போனார். தூறலும் பச்சையுமாகப் போய்க்கொண்டிருந்த சாலையில், ஏரிக்கு மேலே ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கியதும் சாலையோரத் தடுப்புக் கம்பியின் அடியில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், மேலே நல்ல கோட்டு வேறு. எதையோ தொலைத்துவிட்டார் போல என்று நானும் குனிந்து தேடினேன்.

கையில் வந்தது பழைய பிலிம் ரோல் டப்பா. உள்ளே பீடி அளவுக்குச் சுருட்டிய காகிதம். அதில் வரிசையாகப் பெயர்களும் தேதிகளும். தன் பெயரை எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் தமிழில் எழுதினேன். திரும்பச் சுருட்டி, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து ஏரியைக் காட்டினார். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் புதர் மண்டிய சின்னத் திட்டு. அது தானாக முளைத்த தீவு அல்ல, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் ஏரிக்குள் மரத்தையும் கல்லையும் கொட்டி எழுப்பி, மேலே வீடு கட்டி வாழ்ந்த இடம் என்றார். க்ரானோக் என்று பெயர். அவர்கள் மொழியில் 'க்ரான்' என்றால் மரம்.

டப்பா வைத்தவர் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். எதற்கு வைத்தார் என்று கேட்டேன். நீங்கள் இப்போது ஏரியைப் பார்க்கிறீர்களே, அதற்குத்தான் என்றார்.

இது நடந்து வருடங்கள் ஆகின்றன. போன மாசி மாதம் என் தங்கை மகன் காட்பாடியிலிருந்து போன் செய்தான். "மாமா, ஜியோகேஷிங்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" தெரியும்டா, அயர்லாந்திலேயே கையெழுத்துப் போட்டவன்டா நான் என்றேன். பையன் அசந்துபோனான். மருமகனிடம் மாமன் மதிப்பு உயர்வது அபூர்வம். அந்தச் சந்தர்ப்பத்தை விடாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். தங்கையின் சமையலறையிலிருந்து இறுக்கமான மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, நாற்பது பக்க நோட்டு, பென்சில். நம் பக்கத்தில் ஒரு நல்ல இடம் பார்த்து இதை வைத்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம்.

இப்படி டப்பாவை ஒளித்துத் தேடும் விளையாட்டு பிறந்த கதையை அவனே வழியில் சொன்னான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்குத் தரும் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீட்டர் வரை தப்பும். 2000ஆம் ஆண்டு மே மாதம் பிறந்ததும் அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலக் காட்டில் ஒரு கருப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டார். வாளிக்குள் புத்தகம், வீடியோ கேசட், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். எடுத்தால் பதிலுக்கு ஏதாவது வை, நோட்டில் பெயர் எழுது. அவ்வளவுதான் சட்டம். இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கில் டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் வேலூர்க் கோட்டை. தண்ணீர் நடுவே வீடு என்றால் எங்கள் ஊரில் வேறு எது? பழைய பஸ் நிலையப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு அகழிக் கரையோரம் நடந்தோம். சுமார் இருநூறு அடி அகலத் தண்ணீர், அதற்கு அப்பால் கருங்கல் மதில். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக் காலத்தில், பொம்மி நாயக்கர் வழியினர் கட்டியது. உள்ளே 133 ஏக்கர். அகழிக்குத் தண்ணீர் சூரியகுண்டம் என்ற குளத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக வந்தது. அயர்லாந்துக்காரன் தண்ணீருக்குள் போய் நிலத்தை உண்டாக்கினான். நம் ஆள் நிலத்தில் கோட்டையைக் கட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டி வந்தான். எதிரி கால் நனையாமல் உள்ளே வரக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் ஒரே கவலை.

உள்ளே இருக்கும் சாமிக்கே ஜலகண்டேஸ்வரர் என்று பெயர். நீர் சூழ்ந்த லிங்கம் பொம்மி நாயக்கர் கனவில் வந்ததாகக் கதை. அந்தக் கருவறை நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. "மன்னன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பட்டியலை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன் (பட்டியலில் இன்னும் இரண்டு உண்டு, போலீஸ்காரர்களும் பெண்களும் கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுகிறேன்). 1981 மார்ச் 16ஆம் தேதி சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்ததோடு பட்டியலில் ஒன்று குறைந்தது. 2021 நவம்பர் மழையில் அகழி நிறைந்து தண்ணீர் கோயிலுக்குள்ளேயே புகுந்து நின்றது. பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் வெளியே இருப்பவனை மட்டுமா தடுக்கும்? உள்ளே இருப்பவனையும் தடுக்கும். 1799இல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர்கள் இங்கேதான் வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைச் சிப்பாய்கள் அவர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர, பகலுக்குள் எல்லாம் முடிந்தது. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து இலங்கையிலிருந்து ஒரு கைதி வந்தார். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறந்தபோது கண்ணுசாமி. 1816 முதல் 1832இல் இறக்கும் வரை இந்த அகழிக்குள்தான் இருந்தார். அவர் கல்லறை பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கிறது. மலை சூழ்ந்த கண்டியில் ஏரி வெட்டி அதன் நடுவே திட்டும் அமைத்த மன்னருக்கு, கடைசிப் பதினாறு வருடம் இன்னொரு தண்ணீருக்கு நடுவே.

"மாமா, இங்கயே வெச்சிடலாமா?" மருமகன் கைப்பிடிச் சுவருக்கு அடியில் ஒரு சந்தைக் கண்டுபிடித்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் காவலாளி ஒருவர் வந்தார்.

"இன்னா சார் டப்பாவுல?"

"நோட்டும் பென்சிலும்ங்க."

"அத்த ஏன் சார் செவுத்துல சொருவுறீங்க?"

நியாயமான கேள்வி. நான் அட்சரேகையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எட்த்துக்குனு போய்டுங்க சார், யார்னா பாத்தா பாம் ஸ்குவாடுதான் வரும்" என்றார். கேட்பாரற்ற பொருளைக் கண்டால் தொடாதே, தகவல் சொல் என்று ரயில் நிலையம்தோறும் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த நாடு நாம். தவிர, பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்தில் ஆணி அடிப்பதும் பொருள் செருகுவதும் தப்பு. நிலத்துக்குரியவரின் அனுமதி இல்லாமல் வைக்காதே என்று அந்த விளையாட்டே சொல்கிறது. டப்பாவைப் பைக்குள் போட்டோம்.

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டினால் நெடுஞ்சாலை ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்கு எங்கள் ஊர்கள் எல்லாம் பச்சைப் பலகையில் வரும் பெயர்கள். நிறுத்தினால் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சீரக சம்பாவும் கத்திரிக்காய்த் தொக்கும் எங்கள் ஊரின் முகவரி என்றால் அது கௌரவமான முகவரிதான். நாங்களும் நிறுத்தினோம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அயர்லாந்துக் கதையில் விட்ட ஒரு பகுதியை மருமகனுக்குச் சொன்னேன். மீத் மாவட்டத்தில் லாகோர் என்ற இடம். அங்கே 1839இல் ஒரு பழைய ஏரிப்படுகையிலிருந்து எலும்புகளை அள்ளி வண்டி வண்டியாக உரத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு எலும்பு எங்கிருந்து வந்தது என்று டப்ளினிலிருந்து இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் ஜார்ஜ் பெட்ரி. இன்னொருவர் டாக்டர் வில்லியம் வைல்டு, எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தகப்பனார். அயர்லாந்தின் ஏரி வீடுகளைப் பற்றிய ஆராய்ச்சி அந்த எலும்பு வியாபாரத்தில்தான் தொடங்கியது. பிறகு 1934 முதல் 1936 வரை ஹார்வர்டு குழுவினர் முறையாகத் தோண்டினார்கள். இப்போது அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட க்ரானோக்குகள் கணக்கில் இருக்கின்றன.

எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. லாகோரில் தோல் செருப்புகள் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழசு, தையல் தெரியும்படி. தோல் மக்கிப்போகிற சரக்கு என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஓக் மரப்பட்டையில் ஊறப்போட்டுப் பதனிட்ட தோல், காற்றுப் புகாத ஏரிச் சேற்றில் அமுங்கிவிட்டால் மக்குவதில்லை. எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுச் செய்ததும் அதே வேலைதான். கரம்பில் ஆவாரம் வளரும், ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் வரும், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வரும். இந்தத் தொழில் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ஊன்றியதற்கு இவை எல்லாம் காரணம். பட்டை போய் குரோமியம் வந்தது பின்னால்தான். தோல் நீலமாகி டிரம்மிலிருந்து வெளியே வந்தது, 'வெட் ப்ளூ' என்ற பெயரோடு. கிணற்றுத் தண்ணீர் என்ன ஆயிற்று என்பதை 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் சொன்ன தீர்ப்பில் படிக்கலாம். கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு எங்கள் பாலாற்றுத் தண்ணீரில் எழுதியது. அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. அங்கே தண்ணீர் தோலைக் காப்பாற்றி வைத்தது. இங்கே தோல் தண்ணீரைக் கெடுத்தது. சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் நான், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

மருமகன் டப்பாவை ஆம்பூரில் எங்கே வைக்கலாம் என்று கேட்கவில்லை. பாலாற்றுப் பாலத்தில் காரை மெதுவாக விட்டுக் கண்ணாடியை இறக்கினான், உடனே ஏற்றினான்.

வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பினால் ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். பாரியில் பிரேக் போட்டு, கபிலரில் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறலாம். வளைவு ஒன்றில் நின்று கீழே பார்த்தால் ஜோலார்பேட்டைத் தண்டவாளங்கள் வெயிலில் மின்னின.

மேலே சுற்றுலாக் கூட்டம் படகுத் துறையில் இருந்தது. நாங்கள் வந்தது வேறொன்றுக்கு. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் நிலத்தை உழும்போது வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் கொழுமுனையில் தட்டுப்படும். ஒரு பக்கம் கூர், மறுபக்கம் குறுகல், உள்ளங்கையில் அடங்கும். உலோகம் அறியாத புதிய கற்கால மனிதன் செய்தது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் இவற்றைப் பல ஊர்களில் பதிவு செய்திருக்கிறார்கள். உழுகிறவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. ஊர் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அது அங்கே பிள்ளையார்.

ஓர் ஊருக்கு வெளியே மரத்தடியில் பார்த்தோம் (ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் கடைசியில்). வேர்களுக்கு நடுவே சாய்த்து வைத்த கற்கள், எண்ணெய் ஏறிக் கருத்து, மஞ்சளும் குங்குமமும் பூசி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, இது யாரு வெச்சது?"

"யாரு வெச்சதுன்னு இல்லீங்க. கெடச்சவங்க கெடச்சப்ப வெக்கிறது."

"எடுத்துக்கிட்டுப் போனா?"

"எதுக்கு எடுக்கணும்? சாமி ஆச்சே."

மருமகன் என்னைப் பார்த்தான். கிடைத்தவர் கொண்டுவந்து வைப்பது, யாரும் எடுத்துப் போகாதது, இடம் தெரிந்தவருக்கு மட்டும் தெரிவது. ஓரிகானில் வாளி புதைத்தவருக்கு எத்தனையோ தலைமுறை முன்பே இந்த மலையில் இந்தச் சட்டம் அமலில் இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட நோட்டு மட்டும் இல்லை. வைத்தவரின் பெயர் இங்கே வேண்டியதில்லை என்று தோன்றியது. நானே சொல்லுமுன் பையன் டப்பாவைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

அந்தக் கோடரிக்காரர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அதைத் தேடி இறங்கினோம், திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளிக்கு. தமிழ்நாட்டுத் தொல்லியல் புத்தகம் எதைத் திறந்தாலும் புதிய கற்காலம் என்ற அத்தியாயத்தில் இந்தப் பெயர் இருக்கும். 1964-65இலும் 1967-68இலும் இந்தியத் தொல்லியல் துறைக்காக எஸ்.ஆர். ராவ் இங்கே தோண்டினார். லோத்தலைத் தோண்டியவர் அவர்தான். கிடைத்தவை குழி வீடுகள். தரையில் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் பள்ளம் தோண்டி, விளிம்பைச் சுற்றிக் கம்பு நட்டு, மேலே கூரை போட்ட வீடு. கம்பு நட்ட துளைகள் மண்ணில் அப்படியே இருந்தன. கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகள், தேய்த்த கற்கோடரிகள், கருகிப்போன கொள்ளு, பச்சைப்பயறு. கரிமக் கணக்கு சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் என்று காட்டியது. அதற்கு மேல் அடுக்கில் இரும்புக் கால மக்கள். இரும்பை உருக்கியதற்கும் இங்கே தடயம் உண்டு.

அயர்லாந்தின் திட்டு வீடுகளில் பெரும்பாலானவை கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மூத்தது இந்தப் பள்ளம். அங்கே ஒரு பிலிம் டப்பா ஆளை நிறுத்தி ஏரியைப் பார்க்க வைக்கிறது. இங்கே பிரியாணி செரிப்பதற்குள் தாண்டிப் போய்விடுகிறோம். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் இதே மாவட்டத்தில் படித்த எனக்குப் பையம்பள்ளி என்ற பெயரை ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை.

போய்ப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அகழாய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவது வழக்கம். நாங்கள் பார்த்தது கரடு, மேட்டு நிலம், வேலிக்காத்தான், வெள்ளை வெயில். மருமகன் முகம் வாடிவிட்டது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் குழி வீடு சமாசாரத்தைச் சொன்னான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"தாத்தா, பள்ளத்துல வீடு கட்டுனா மழைக்குத் தண்ணி பூந்துடாதா?"

"பள்ளத்துல பள்ளம் தோண்டுனாத்தான் தம்பி பூரும். மேட்டுல தோண்டுனா ஏன் பூரும்? எங்கப்பன் காலத்துல கேவுரு கொட்டி வெக்கிற குழி மேட்டுலதான் வெட்டுவாங்க. வருஷக்கணக்குல ஈரம் அண்டாது."

பையன் மேட்டின் மேல் ஏறி நின்று நாலா பக்கமும் பார்த்தான். அன்று முழுக்க அவன் போனைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தது அப்போதுதான். நான் அவனை அவசரப்படுத்தவில்லை.

டப்பாவை அங்கேயும் வைக்கவில்லை. நிலம் யாருடையது என்று தெரியாது, மாடு மிதிக்கும், யாராவது கல்லைத் தேடித் தோண்டுவார்கள். திரும்பும்போது அவன் ஒரு தகவல் சொன்னான். அந்த விளையாட்டில் டப்பாவே இல்லாத வகை ஒன்றும் உண்டாம். இடத்தைச் சொல்லி ஒரு கேள்வி கேட்பார்கள். அங்கே போய் நின்றால்தான் விடை தெரியும்.

ஆகவே நீங்கள் பெங்களூர் போகும்போது ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். ஏலகிரியில் மரத்தடிக் கற்களைக் கண்டால் கும்பிடுங்கள் அல்லது சும்மா பாருங்கள், கையில் எடுக்காதீர்கள். ஒரு கல் நகரத்து ஷோகேஸுக்குப் போனால் அது எந்த நிலத்துக் கல் என்பது தொலைந்துவிடும். ஊர்ப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் அதுதான். பையம்பள்ளி பெயரைச் சொல்லிவிட்டேன், அது புத்தகத்திலேயே இருக்கிறது. மேட்டில் ஏறி நின்று கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள்: மழை பெய்தால் இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?